கிண்டி ட்ரேட்மார்க் பதிவகம்: 4,500 ரூபாய்க்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அரசின் ட்ரேட்மார்க் பதிவுச் சேவை கொடுக்கிற காசுக்குத் தகுந்ததுதான். தேடல் இலவசம், கட்டணம் குறைவு, பெரும்பாலான வேலை வீட்டில் இருந்தபடியே முடிந்துவிடும். ஆனால் பணம் கட்டும் கடைக்காரர்களில் பலர் பெயரையே விலைக்கு வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கிண்டியில் பெயர் விற்பதில்லை. குறிப்பிட்ட சரக்குக்கு, மனுவில் கொடுத்த வடிவத்தில், நமக்கு முன்பே அந்தப் பெயரை வைத்திருப்பவரின் உரிமைக்கு உட்பட்டு, பத்து வருடத்துக்கு ஓர் உரிமை எழுதித் தருகிறார்கள். இது தெரியாமல் போட்ட மனு பதிவானாலும் கோர்ட்டுக்குப் போனால் தடுமாறும்.

பதிவகம் ஜி.எஸ்.டி. சாலையில், காப்புரிமை அலுவலகமும் புவிசார் குறியீட்டுப் பதிவகமும் இருக்கும் அதே அறிவுசார் சொத்துரிமை வளாகத்தில் இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, லட்சத்தீவு ஆகியவற்றின் மனுக்கள் இங்கே வரும். தலைமை அலுவலகம் மும்பை. டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத்தில் மற்ற கிளைகள். தொழிலின் முதன்மை இடம் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த அலுவலகம் என்பது முடிவாகும். கிடைக்கும் பதிவு நாடு முழுவதற்கும் செல்லும்.

கட்டணம் 2017 ட்ரேட்மார்க் விதிகளின்படி. பதிவு மனுவுக்கான டிஎம்-ஏ படிவத்தை ஆன்லைனில் போட்டால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. காகிதத்தில் கொடுத்தால் 5,000, 10,000. ஒரு குறிக்கு, ஒரு கிளாஸுக்கு (சரக்கு அல்லது சேவையின் வகைக்கு) இந்தத் தொகை. பார்ட்னர்ஷிப்போ பிரைவேட் லிமிடெடோ பாதிக் கட்டணத்தில் போட வேண்டுமானால் சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் சான்றிதழை இணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு 4,500 மட்டும் கட்டினால் முதல் சரிபார்ப்பிலேயே மனு நின்றுவிடும். பதிவானதும் சான்றிதழுக்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. அப்படி யாராவது கேட்டால் அது பதிவகத்தின் கணக்கில் சேரும் பணம் அல்ல.

ஜி.எஸ்.டி. எண், உணவு உரிமம், மாநகராட்சி வணிக உரிமம், டாட் காம் முகவரி இவை எதுவும் பிராண்ட் உரிமை ஆகாது. கம்பெனிப் பதிவாளரிடம் பெயர் கிடைத்துவிட்டது என்பதும் போதாது. கம்பெனிகள் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதிவான ட்ரேட்மார்க்கின் உரிமையாளர் மூன்று வருடத்துக்குள் மனுப் போட்டால் கம்பெனியின் பெயரையே மாற்றச் சொல்லி உத்தரவு வாங்கலாம்.

தேடல்: இலவசம், ஆனால் பாதிப் படம்தான்

பதிவகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். சொல்லாகத் தேடலாம், உச்சரிப்பை வைத்துத் தேடலாம், லோகோவில் இருக்கும் படத்தின் வியன்னா கோடு எண்ணை (படங்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்) வைத்துத் தேடலாம். சொல் தேடலில் 'இதில் தொடங்கும்' என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கமான கோளாறு. 'இதை உள்ளடக்கிய' என்பதையும் உச்சரிப்புத் தேடலையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இதில் கூடுதல் வேலை இருக்கிறது. அமுதம் என்பதை ஆங்கிலத்தில் t மட்டும் போட்டு எழுதுபவர் உண்டு, th போடுபவர் உண்டு, t-க்குப் பதில் d போடுபவரும் உண்டு. ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், அடுத்தவர் எல் போதும் என்பார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாக வேண்டும். உச்சரிப்புத் தேடல் தமிழ் ஒலிகளை நன்றாகப் பிடிப்பதில்லை; அதை நம்பி உட்கார முடியாது.

விடைப் பட்டியலில் ஒவ்வொரு குறிக்கும் நிலை எழுதியிருக்கும்: ரெஜிஸ்டர்ட் (பதிவானது), அப்ஜெக்டட் (பதிவகம் ஆட்சேபித்தது), ஆப்போஸ்ட் (வேறொருவர் எதிர்த்தது), அபாண்டண்ட் (கைவிடப்பட்டது), ரிஃப்யூஸ்ட் (நிராகரிக்கப்பட்டது). அபாண்டண்ட் என்று இருந்தால் பாதை காலி என்று அர்த்தம் இல்லை. மனுவை விட்டுவிட்டவர் கடையைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கலாம். மனுவே போடாமல் முப்பது வருடமாக ஓடும் மெஸ்களும் சென்னையில் ஏராளம், அவை இந்தத் தளத்தில் தென்படவே தென்படாது. அதனால் கூகுள் மேப்ஸ், ஸ்விக்கி, சொமேட்டோ, உணவு உரிமப் பட்டியல், மளிகைக் கடை அலமாரி என்று வெளியே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதும் தேடலின் பாகம்தான். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இருட்டுக்கடை வழக்குக்கு வரும்போது பார்க்கலாம்.

எந்த கிளாஸ்?

மொத்தம் 45 கிளாஸ்கள். 1 முதல் 34 வரை சரக்குகள், 35 முதல் 45 வரை சேவைகள். எண்ணெய் வியாபாரத்தை எடுத்துக்கொண்டாலே குழப்பம் புரியும். சமைக்கும் நல்லெண்ணெய் கிளாஸ் 29. அதே செக்கில் ஆட்டி 'தீப எண்ணெய்' என்று லேபிள் ஒட்டினால் அது எரிபொருள், கிளாஸ் 4. கூந்தல் எண்ணெய் என்றால் கிளாஸ் 3. மூன்றையும் விற்பவர் 29இல் மட்டும் போட்டுவிட்டு, விளக்கு எண்ணெயில் வேறொருவர் அதே பெயரோடு வந்ததும் கொதித்துப்போவார்.

இட்லி மாவு, பொடி வகை, காபித் தூள் 30. ஊறுகாய், நெய் 29. உட்கார்ந்து சாப்பிடும் கடை 43. பல பிராண்டுகளின் சரக்கை வாங்கி விற்கும் கடை 35. ஜவுளியில் துணி 24, உடுப்பாகத் தைத்தவை 25, ஷோரூம் 35. மாவு விற்று, ஊறுகாயும் போட்டு, சின்ன டிஃபன் சென்டரும் வைத்திருப்பவருக்கு 29, 30, 43 மூன்றும் வேண்டும். அரசுக் கட்டணம் மட்டும் 13,500 ரூபாய்.

எதற்கும் இருக்கட்டும் என்று பத்து கிளாஸில் போடச் சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. பதிவுக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருடமும் மூன்று மாதமும் பயன்படுத்தாமல் விட்டால், ட்ரேட்மார்க் சட்டத்தின் 47ஆம் பிரிவின்கீழ் பாதிக்கப்பட்ட எவரும் அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். விற்காத சரக்குக்குக் கட்டும் காசு வீண். இன்னொரு விஷயம், மனுவில் எழுதாத சரக்கைப் பின்னால் திருத்தம் போட்டு நுழைக்க முடியாது. புதிய மனுதான், புதிய தேதிதான்.

சொல்லா, லோகோவா: ஏஜென்ட் சொல்லாத விஷயம்

இந்தச் சேவையில் பணம் வீணாகும் முக்கியமான இடம் இதுதான்.

1999ஆம் வருட ட்ரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சரக்கின் வகை, தரம், அளவு, பயன், பிறந்த ஊர் ஆகியவற்றைச் சொல்லும் வார்த்தைகளைப் பதிவுக்கு ஏற்பதில்லை. 'மயிலாப்பூர் ஃபில்டர் காபி', 'சுத்தமான செக்கு எண்ணெய்', 'ஹோம்மேட் சாம்பார் பொடி' எல்லாம் இந்த வகையில் விழும். சொல் தமிழ் என்பதால் மும்பையில் இருப்பவருக்குப் புரியாது, தப்பித்துவிடலாம் என்ற கணக்கும் பலிக்காது. தமிழ் எழுத்தில் உள்ள குறிக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் கொடுத்தே ஆக வேண்டும். அதைக் காலியாக விட்டால் அதுவே ஒரு குறை என்று எழுதி வரும்.

இப்படிப்பட்ட பெயரோடு வருபவரிடம் ஏஜென்ட், "லோகோவாப் போட்டுடலாம் சார், கண்டிப்பா கிடைச்சிடும்" என்பார். கிடைக்கவும் கிடைக்கும். ஒரு பித்தளை டபரா படம், வளைந்த எழுத்து, சிவப்புப் பட்டை என்று மொத்தமாகப் பார்த்தால் அது தனித்துவமானதுதான். ஆனால் 17ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பதிவு முழுக் குறிக்குத்தான்; அதற்குள் இருக்கும் பொதுச் சொல்லுக்குத் தனி உரிமை கிடையாது. எதிர்வீட்டுக்காரர் வேறு படம், வேறு எழுத்து வைத்து அதே 'ஃபில்டர் காபி'யை எழுதினால் சான்றிதழைக் காட்டித் தடுக்க முடியாது. சுலபமாகக் கிடைத்தது என்பதாலேயே அதற்குப் பலம் குறைவு.

சாதாரண எழுத்தில், படம் இல்லாமல் போடும் சொற்குறி தேர்வில் கடினம், பதிவானால் பலம். பின்னால் லோகோவை எத்தனை முறை மாற்றினாலும் அது செல்லும். கையில் 4,500 ரூபாய் மட்டும்தான் இருக்கிறது, பெயரும் தனித்தன்மையானது என்றால், சொற்குறியைத்தான் முதலில் போட வேண்டும். லோகோ அடுத்த வருடத்துக்குப் போகட்டும். லோகோ போடுகிறவர்கள் படத்தை எட்டு சென்டிமீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர் அளவுக்குள் வைக்க வேண்டும். நிறத்தை உரிமையாகக் கோராமல் கருப்பு வெள்ளையில் போட்டால் எல்லா நிறத்துக்கும் அது செல்லும்.

பொதுச் சொல்லும் நீண்ட, விரிவான பயன்பாட்டால் தனித்தன்மை பெறலாம் என்ற விலக்கு 9ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதை நிரூபிக்கப் பல வருட விற்பனைக் கணக்கும் விளம்பரச் செலவும் பில்களும் வேண்டும். போன வருடம் திறந்த கடைக்கு அந்தக் கதவு திறக்காது.

பாராட்டுச் சொற்களின் கதியும் இதுதான். நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா' என்ற பெயருக்காக ஐடிசி, 'மேஜிக்கல் மசாலா' கொண்டுவந்த நெஸ்லே மீது 2013இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஜூனில் வந்த தீர்ப்பு, 'மேஜிக்' என்பது சரக்கைப் புகழும் சொல், தனியொருவர் சொத்தாக்க முடியாது என்றது. பெரிய விளம்பர பட்ஜெட் இருக்கும் கம்பெனிக்கே இப்படி என்றால், பாக்கெட்டில் 'சூப்பர்', 'ஸ்பெஷல்', 'ராயல்' என்று எழுதுபவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

சாமி பெயர்கள் சென்னைக் கடைகளின் பெரிய பிரச்சினை. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரைத் தனியாக ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. வேறு சொல் சேர்த்துப் பெயர் தனித்து நின்றால் பார்க்கலாம் என்ற இடத்தையும் விட்டுவைத்தது. முருகன், லட்சுமி, பாலாஜி என்று ஒற்றைப் பெயராகப் போட்டால், பதிவகம் மனுவைப் பரிசீலித்து அனுப்பும் தேர்வு அறிக்கையில் அதே பெயருள்ள பழைய குறிகள் வரிசை கட்டி நிற்கும். முன்னால் 'ஸ்ரீ' சேர்ப்பது எந்த வித்தியாசத்தையும் தராது.

ஊர்ப் பெயரோடு சேர்ந்த பண்டங்கள் வேறு பாதை. கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, மணப்பாறை முறுக்கு எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. அந்த ஊர் உற்பத்தியாளர்களுக்குப் பொதுவானவை. அண்ணா நகரில் செய்து, 'மணப்பாறை முறுக்கு' என்று தனி பிராண்டாகப் பதியக் கேட்டால் நடக்காது.

முதலில் வந்தவரா, முதலில் பதிந்தவரா?

இந்தக் கேள்விக்கு நெல்லையிலிருந்தே பதில் வந்திருக்கிறது. 'இருட்டுக்கடை அல்வா' வழக்கில் எதிர்த்தரப்பு 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரோடு வந்தது. தன்னிடமும் பதிவு இருக்கிறது என்று வாதாடியது. பதிவு பெற்ற இருவர் ஒருவர் மீது ஒருவர் மீறல் வழக்குப் போட முடியாது என்று 28ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் அளித்த தீர்ப்பில், முதலில் பயன்படுத்தியவரின் பாசிங் ஆஃப் உரிமை (தன் பெயரில் இன்னொருவர் சரக்கை விற்பதைத் தடுக்கும் உரிமை) பதிவுக்கும் மேலே நிற்கும் என்று சொல்லிவிட்டது. பட்டா ஒருவர் பெயரில் இருந்தாலும் அனுபவ பாத்தியதை இன்னொருவருக்கு இருப்பதைப் போல. இதே எண்ணத்தை 34ஆம் பிரிவும் சொல்கிறது: உங்கள் பயன்பாட்டுக்கும் உங்கள் பதிவுக்கும் முந்தி அதே பெயரைத் தொடர்ந்து வைத்திருப்பவரைத் தடுக்க முடியாது.

அந்த வழக்கில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 'திருநெல்வேலி அல்வா' என்பதை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம். அது பண்டத்தின் பெயர். 'இருட்டுக்கடை' அல்வாவைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை, ஒரே ஒரு கடையைத்தான் சொல்கிறது. அதனால்தான் அது சண்டை போடத் தகுந்த பெயராக இருந்தது.

நடைமுறையில் இதன் பொருள்: மனுவில் 'எப்போதிலிருந்து பயன்பாடு' என்ற கட்டத்தைச் சும்மா நிரப்பக் கூடாது. முந்தைய பயன்பாடு கோரினால் அஃபிடவிட்டும் ஆதாரமும் சேர்க்க வேண்டும். பழைய பில், லேபிள் அச்சிட்ட ரசீது, செய்தித்தாள் விளம்பரம், கடை உரிமம் எல்லாம் தேதியோடு, பெயரோடு இருக்க வேண்டும். பில்லில் 'எஸ்.வி. டிரேடர்ஸ்' என்றும் லேபிளில் வேறு பெயரும் இருந்தால் அந்த பில் பிராண்டுக்கு ஆதாரமே இல்லை. தாத்தா காலத்துத் தேதியைப் போட்டுவிட்டு, கையில் ஐந்து வருட பில் மட்டும் வைத்திருப்பவர்கள் எதிர்ப்பு வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். தவறான தேதியைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. நிஜமாகவே இன்னும் தொடங்கவில்லை என்றால் 'பயன்படுத்த உத்தேசம்' என்று போடலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பிரபலமான பெயர் என்றால் எல்லாச் சரக்குக்கும் பாதுகாப்பு உண்டா? இரண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கிறது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி'க்கும், பெங்களூரு உணவக நிறுவனத்தின் 'நந்தினி டீலக்ஸ்'க்கும் நடந்த வழக்கில், சரக்கு வேறு, லோகோ வேறு, பெயரோ தெய்வீகப் பசுவின் பொதுப்பெயர் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 2018இல் உணவகத்துக்குப் பதிவு கொடுத்தது. பால், பால் பொருட்களை மட்டும் விலக்கியது. அதற்கு முன் 2011இல் 'ஈநாடு' ஊதுபத்தி வழக்கிலோ, ஆந்திராவில் அந்த நாளிதழின் பெயருக்கு இருந்த தனிப் புகழைப் பார்த்து ஊதுபத்திக்காரருக்குத் தடை விதித்தது. பெயர் எவ்வளவு பொதுவானது, எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழமாக ஒரே நிறுவனத்தோடு ஒட்டியிருக்கிறது, பின்னால் வந்தவரின் நோக்கம் என்ன என்பதை வைத்துத் தராசு சாய்கிறது. முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் ஆலோசகரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

வெளிநாட்டுப் புகழுக்கும் இங்கே தானாக மதிப்பு இல்லை. டொயோட்டா தன் 'ப்ரியஸ்' காரின் பெயருக்காக உள்நாட்டு உதிரிபாக நிறுவனத்தோடு போராடி, 2017 டிசம்பரில் தோற்றது. அந்தப் பெயர் அந்தக் காலத்தில் இந்தியச் சந்தையில் அறியப்பட்டதற்கு ஆதாரம் போதவில்லை என்பதே காரணம்.

மனு போன பிறகு

இந்தப் பகுதியில்தான் சேவையின் தரம் ஏறி இறங்குகிறது. மனு எண் அன்றைக்கே வந்துவிடும். அதுமுதல் டிஎம் என்ற சிறிய எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவான பிறகுதான். பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டுவது 107ஆம் பிரிவின்படி தண்டத்துக்கு உரியது. டிசைனர் அழகுக்காகப் போட்டார் என்பது சமாதானம் ஆகாது.

அடுத்து தேர்வு அறிக்கை. கடைப் பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு 9ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள குறியோடு ஒத்திருப்பதைப் பற்றிய 11ஆம் பிரிவு இரண்டில் ஏதாவது ஓர் ஆட்சேபம் இருக்கும், பயப்படத் தேவையில்லை. அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை, கீழே ஒத்த குறிகளின் பட்டியல். பதிலுக்கு 30 நாள். பதில் போடக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே ஏற்றலாம். போடாவிட்டால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். நல்ல பதில், மேற்கோள் காட்டிய ஒவ்வொரு குறியையும் தனியாக எடுத்துப் பேசும்: அதன் நிலை என்ன, சரக்கு என்ன, தோற்றம் எப்படி. 'எங்கள் குறி தனித்துவமானது' என்று இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதும் பதில் நேராக ஹியரிங்குக்குத்தான் (அதிகாரி முன் விசாரணைக்கு) போகும்.

ஹியரிங் வீடியோவில் நடப்பது பெரிய வசதி. நாகர்கோவிலிலோ ஓசூரிலோ இருப்பவர் கிண்டிக்கு பஸ் ஏற வேண்டாம். நேரம் சில நிமிடங்கள்தான், வரிசையில் பல வழக்குகள். ஆதாரத்தை அன்றைக்குத் தேடாமல் முன்பே ஏற்றி வைத்திருக்க வேண்டும். நிராகரித்தால் மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. முன்பு இதற்கென்று சென்னையில் தலைமையகம் வைத்து இயங்கிய அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கான தனிப் பிரிவு இயங்குகிறது.

ஏற்றுக்கொண்ட குறி திங்கட்கிழமைதோறும் வரும் ட்ரேட்மார்க் ஜர்னலில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதம் எவரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். டிஎம்-ஓ படிவம், ஆன்லைனில் 2,700 ரூபாய். 'மூன்று மாதத்தில் சான்றிதழ்' என்று விளம்பரம் செய்பவர்களை எடைபோட இந்த ஒரு கணக்கே போதும். விரைவுப் பரிசீலனைக்கென்று 20,000 அல்லது 40,000 ரூபாய் கட்டினாலும் தேர்வு, ஹியரிங் போன்றவை முந்தும், ஜர்னலின் நான்கு மாதம் குறையாது.

எதிர்ப்பு நோட்டீஸ் வந்தால் பதில் அறிக்கைக்கு இரண்டு மாதம். நீட்டிப்பு கிடையாது, ஒரு நாள் தவறினாலும் மனு கைவிடப்பட்டதாகக் கருதப்படும். நோட்டீஸ் மின்னஞ்சலில் வருகிறது. ஏஜென்டின் முகவரி பதிவில் இருந்தால் அவருக்குத்தான் போகும். அவர் அலுவலகத்தை மூடியிருந்தாலும், உங்கள் எண் மாறியிருந்தாலும் கடிகாரம் நிற்காது. பதிவகம் பக்கமும் சறுக்கல் நடந்திருக்கிறது. 2016 மார்ச்சில் பதில் வரவில்லை என்று மனுக்களை மொத்த மொத்தமாகக் கைவிடப்பட்டவையாக அறிவித்தார்கள், அறிக்கையே கையில் வராதவர்களின் மனுக்களும் அதில் இருந்தன என்ற புகார் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போய், அந்த உத்தரவுகளுக்குத் தடை வந்தது. மனு எண்ணை வைத்து நிலையை வாரம் ஒருமுறை நீங்களே பார்ப்பதைத் தவிர வேறு காப்பு இல்லை. இரண்டு நிமிட வேலை.

இடைத்தரகர்கள்

சொந்தமாக ஆன்லைனில் போட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும்; படிவம் ஒன்றும் மலைப்பானது அல்ல. தனித்தன்மையான பெயர், ஒரே கிளாஸ், தேடலில் இடைஞ்சல் இல்லை என்றால் தானே போட்டுக்கொள்ளலாம். பெயர் பொதுச் சொல்லை ஒட்டி இருந்தாலோ, ஒத்த குறிகள் இருந்தாலோ வக்கீல் அல்லது பதிவு பெற்ற ஏஜென்டுக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

ஆன்லைன் பேக்கேஜ்களின் விலை பெரும்பாலும் மனுத் தாக்கலோடு முடிகிறது. தேர்வு அறிக்கைக்குப் பதில், ஹியரிங், எதிர்ப்பு மூன்றும் தனித்தனி பில். பணம் கட்டும் முன் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தேடல் முடிவைக் காட்டச் சொல்லுங்கள். "பார்த்தாச்சு, கிளியரா இருக்கு" என்ற வாய் வார்த்தை போதாது. தாக்கல் ஆனதும் டிஎம்-ஏ நகலில் உரிமையாளர் பெயரைச் சரிபாருங்கள். பார்ட்னர்ஷிப் என்றால் எல்லாப் பங்குதாரர் பெயரும் இருக்க வேண்டும். கம்பெனி தொடங்கும் முன் தனிநபர் பெயரில் போட்டிருந்தால் பிறகு எழுத்து மூலம் கம்பெனிக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். அண்ணன் தம்பி பிரியும்போது சண்டை தொடங்குவதே இந்தக் கட்டத்தில்தான். ஜர்னலில் பெயர் வந்ததும், அரசு முத்திரை மாதிரி ஒன்றை அச்சிட்டு, 'சர்வதேசப் பட்டியலில் சேர்க்க' என்று பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடலாம்.

சான்றிதழ் கையில் இருந்தாலும்

சான்றிதழோடு நேராக ஸ்டேஷனுக்குப் போய் "அந்தக் கடையை மூடுங்க" என்பது நடக்காது. 115ஆம் பிரிவின்படி சரக்கைக் கைப்பற்ற டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அதற்கு முன் பதிவாளரின் கருத்தையும் அவர் கேட்டாக வேண்டும். பெரும்பாலான விவகாரங்கள் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு என்றுதான் போகும். உங்கள் தொழில் நடக்கும் இடத்திலேயே வழக்குப் போட 134ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிராளி மதுரையில் இருந்தாலும் சென்னையில் போடலாம். அடிப்படையே இல்லாமல் மிரட்டி நோட்டீஸ் அனுப்பினால் 142ஆம் பிரிவில் எதிராளியே உங்கள் மீது வழக்குப் போடலாம். தெரிந்தே ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டு, அவரும் பதிவு பெற்றுத் தொழில் வளர்ந்த பிறகு எழுந்தால், 33ஆம் பிரிவு கதவைச் சாத்திவிடும்.

மற்றவர்கள் உங்கள் பெயரைச் சொல்லவே கூடாது என்றும் இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சார்ஜர் விற்பவர், இன்ன மாடல் போனுக்குப் பொருந்தும் என்று எழுதலாம். சரக்கு எதற்கு என்று சொல்ல அது தேவை. அந்த போன் கம்பெனியின் லோகோவை சார்ஜர் மேலேயே அடிப்பதும், 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ்' என்று போர்டு வைப்பதும் மீறல். நியாயமாக வாங்கிய அசல் சரக்கை மறுபடி விற்பதையும், ஒருவர் நேர்மையாகத் தன் சொந்தப் பெயரில் தொழில் செய்வதையும் சட்டம் தடுப்பதில்லை. இந்த எல்லைகள் 30, 35ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. நோட்டீஸ் அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுவது செலவைக் குறைக்கும்.

பத்து வருடம் என்பது மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு, சான்றிதழ் வந்த தேதியிலிருந்து அல்ல. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே டிஎம்-ஆர் படிவத்தில் புதுப்பிக்கலாம். தவறவிட்டால் ஆறு மாதம்வரை 4,500 ரூபாய் கூடுதல் கட்டணத்தோடு ஏற்பார்கள். அதன் பிறகு ஒரு வருடம் முடிவதற்குள் மீட்பு மனு, அதற்கு 9,000 கூடுதல். புதுப்பிப்பில் சிறு நிறுவனம், தனிநபர் என்ற சலுகை இல்லை. கிளாஸுக்கு 9,000 ரூபாய், எல்லோருக்கும் ஒரே விலை. மூன்று கிளாஸ் வைத்திருக்கும் மாவுக் கடைக்காரர் அந்த வருடம் 27,000 எடுத்து வைக்க வேண்டும்.